குழந்தைகள், இளையோர் நலப் பணிக்கான விருதுக்குப் பரிந்துரை எழுதும் முறை

குழந்தைகள் இல்லங்கள், வளர்ப்புப் பராமரிப்புத் திட்டங்கள், இளையோர் மையங்கள், ஆற்றுப்படுத்தல் சேவைகள், பள்ளியிலிருந்து இடைநின்றவர்களுக்கான வகுப்புகள் போன்றவற்றில் நடக்கும் நல்ல பணிகளைப் பாராட்டி அரசுகளும் தொழில்முறைச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் பல நாடுகளில் விருது வழங்கி வருகின்றன. அறிவிப்பு வெளியானதும் பெரும்பாலான அலுவலகங்களில் நடப்பது ஒன்றுதான். படிவம் சில வாரங்கள் மேசையில் கிடக்கும். கடைசி நாள் நெருங்கும்போது யாருக்கு ஓரளவு எழுத வருமோ அவர் தலையில் அது கட்டப்படும். அவரும் சென்ற ஆண்டறிக்கையிலிருந்து நாலு பத்திகளை எடுத்து ஒட்டி, முன்னும் பின்னும் சில அடைமொழிகளைச் சேர்த்து அனுப்பிவிடுவார். பணி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்தப் படிவம் தேர்வுக் குழுவின் மேசையில் மற்றப் படிவங்களோடு படிவமாகக் கரைந்துபோகும். அப்படிக் கடைசி நேரத்தில் பொறுப்பை ஏற்க நேரும் அந்த ஒருவருக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. நடுவர்கள் உங்கள் நிறுவனத்தின் வரலாற்றையோ உங்கள் நல்லெண்ணத்தையோ அளந்து பார்ப்பதில்லை. ஒரு குழந்தைக்கோ இளைஞருக்கோ எது மாறியது, அது உங்கள் பணியால்தான் மாறியது என்பதை நீங்கள் எப்படி அறிந்தீர்கள் என்னும் இரண்டு கேள்விகளுக்கே அவர்கள் விடை தேடுகிறார்கள். படிவத்தில் எத்தனை கட்டங்கள் இருந்தாலும், அவற்றின் தலைப்புகள் எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும், எல்லாம் இந்த இரண்டில்தான் வந்து முடியும்.

எந்த விருது, எந்தப் பிரிவு

விருதுகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. 1965ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்புக்கும், 2014ஆம் ஆண்டு கைலாஷ் சத்யார்த்திக்கும் மலாலா யூசுஃப்சாய்க்கும் கிடைத்த நோபல் அமைதிப் பரிசு, நீண்டகாலப் போராட்டத்துக்கும் உலகளாவிய தாக்கத்துக்கும் கிடைத்த ஏற்பு. ஸ்வீடனில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உலகக் குழந்தைகள் பரிசில் நடுவர் குழுவில் அமர்வதும் வாக்களிப்பதும் குழந்தைகளே. நீங்கள் பெரும்பாலும் விண்ணப்பிக்கப்போவது இவற்றுக்கல்ல. ஒரு குழு, ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட சிக்கலை எப்படிக் கையாண்டது என்பதைப் பார்க்கும் தொழில்சார்ந்த விருதுகளுக்கு. ஆகவே பெரும் பரிசுகளின் ஏற்புரைத் தொனியைப் படிவத்தில் கொண்டுவருவது பொருந்தாது.

காசு வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் விருதுகளும் இந்தத் துறையில் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேள்விப்பட்டிராத அமைப்பிலிருந்து, நீங்கள் விண்ணப்பிக்காமலேயே, 'தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் சற்று நிதானியுங்கள். நடுவர்கள் யார் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறதா, மதிப்பீட்டு அளவுகோல்கள் எழுத்தில் உள்ளனவா, முன்பு வென்றவர்கள் என்ன பணிக்காக வென்றார்கள் என்று தெரிகிறதா, கோப்பைக்கும் சான்றிதழுக்கும் விழா இருக்கைக்கும் தனித்தனியே கட்டணம் கேட்கிறார்களா என்று பாருங்கள். நியாயமான விருதுகளிலும் நுழைவுக் கட்டணம் இருக்கலாம். விழா இருக்கைகளை விற்று நிகழ்ச்சிச் செலவை ஈடுகட்டுவோரும் உண்டு. பணம் கட்டினால் வெற்றி உறுதி என்ற நிலை இருந்தால் மட்டுமே அது விற்பனை. குழந்தைகளுக்காகத் திரட்டிய நிதியிலிருந்து அப்படி ஒரு கேடயத்தை வாங்கி வரவேற்பறையில் வைப்பதைவிட அந்தச் சுவர் வெறுமையாக இருப்பதே மேல் என்பது என் கருத்து.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் வயது வரையறையைக் கவனமாகப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தை என்கிறது. அதே ஐக்கிய நாடுகள் தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ளோரை இளையோர் என்று கணக்கிடுகிறது. இரண்டும் மூன்றாண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. 16 வயதினரோடு பணிபுரியும் திட்டத்தை இரண்டு பிரிவிலும் சேர்க்க இடமிருக்கும். ஆனால் ஒரே எழுத்தை இரண்டு பிரிவுக்கும் அனுப்புவது, இரண்டிலும் பாதி பொருந்தாத விண்ணப்பமாகவே முடியும்.

நிறுவனத்தைப் பற்றி எழுதாதீர்கள், ஒரு பணியைப் பற்றி எழுதுங்கள்

விண்ணப்பங்கள் தோற்பதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான். நிறுவனம் செய்யும் பன்னிரண்டு வேலைகளையும் ஒவ்வொரு வரியில் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை மேலாளருக்கு இருக்கும். எதை விட்டாலும் அந்தப் பிரிவில் பணிபுரிபவர் வருந்துவார் என்ற தயக்கமும் இருக்கும். விளைவு, எதையும் ஆழமாகச் சொல்லாத ஒரு பட்டியல். ஒரே ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள். அது பெரியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரவில் படுக்கையை நனைக்கும் குழந்தைகளை மற்றவர் அறியாமல் எப்படி எழுப்பி உதவுவது என்று இரவுப் பணியாளர்கள் தமக்குள் பேசி வகுத்துக்கொண்ட ஒரு முறைகூடப் பரிந்துரைக்குத் தகுதியானதே. அதனால் குழந்தைகளுக்கு என்ன மாறியது என்று காட்ட முடிந்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால், களப்பணியாளர்களிடம் போய், 'சென்ற ஆண்டு நாம் செய்ததில் எதை நிறுத்தினால் குழந்தைகள் வந்து கேட்பார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். மேலாளர் மனத்தில் வைத்திருக்கும் விடையும் களப்பணியாளர் தரும் விடையும் பெரும்பாலும் வேறுபடும். எனக்குக் களப்பணியாளரின் விடையில்தான் நம்பிக்கை அதிகம்.

சான்றுகளைத் திரட்டுதல்

இந்தப் பகுதிக்குத்தான் மிகுதியான நேரம் ஒதுக்க வேண்டும். எழுதுவதற்கு ஆகும் நேரத்தைவிட இருமடங்கு இங்கே செலவாவது இயல்பு.

முதலில், செயல்பாட்டின் அளவையும் விளைவையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். 'முப்பது பயிலரங்குகள் நடத்தினோம், அறுநூறு இளைஞர்கள் கலந்துகொண்டார்கள்' என்பது நீங்கள் செய்ததன் அளவு. அந்த அறுநூறு பேரில் யாருக்கு என்ன மாறியது என்பதுதான் விளைவு. பெரும்பாலான படிவங்கள் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொன்னதாக எண்ணிக்கொள்கின்றன. வருகைப் பதிவேடு உங்களிடம் எப்போதும் இருக்கும் என்பதாலேயே அதை எழுதத் தோன்றுகிறது.

அடுத்து, தொடக்க நிலை. திட்டம் தொடங்கும் முன் நிலைமை எப்படி இருந்தது என்று தெரியாமல், இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு மதிப்பில்லை. தொடக்க நிலையைத் தனியாக அளந்து வைக்காத நிறுவனங்களே அதிகம். அதனால் மனம் தளர வேண்டாம். பழைய வழக்குக் கோப்புகள், விடுப்புப் பதிவேடுகள், பள்ளி வருகை, காணாமல்போன நிகழ்வுகளின் பதிவு, புகார்ப் பெட்டிக் குறிப்புகள், இரவுப் பணியாளரின் நாளேடு ஆகியவற்றைப் புரட்டினால் பாதிக்கு மேல் மீட்டெடுத்துவிடலாம். நாளேடு குறிப்பாகப் பொன்னானது. விருதை நினைத்து எழுதப்படாத பதிவு என்பதால் அதை நடுவர்கள் நம்புவார்கள்.

குழந்தைகளின் உளநிலை சார்ந்த பணியாக இருந்தால், ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட வினாப்பட்டியல் ஒன்றைப் பயன்படுத்தியிருப்பது வலு சேர்க்கும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட பலங்கள் மற்றும் இடர்ப்பாடுகள் வினாப்பட்டியல் இதற்குப் பல நாடுகளிலும் பயன்படுகிறது. ஆனால் விருதுக்காகவே கடைசி மாதத்தில் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். தொடக்கத்தில் ஒருமுறை நிரப்பாமல் முடிவில் மட்டும் நிரப்பினால் ஒப்பிட எதுவும் இருக்காது. குழந்தைக்கும் அது காரணம் புரியாத ஒரு விசாரணையாகவே தோன்றும்.

ஒரு நுட்பமான பொறியையும் இங்கே சுட்ட வேண்டும். குழந்தைகள் நம்மிடம் அனுப்பி வைக்கப்படுவது பெரும்பாலும் அவர்களுடைய நிலைமை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான். அந்த உச்சத்திலிருந்து, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், ஓரளவு தணிவு தானாகவே வருவதுண்டு. எனவே 'சேர்ந்தபோது இப்படி இருந்தார், ஆறு மாதத்தில் இப்படி ஆனார்' என்று மட்டும் காட்டினால், துறை அறிந்த நடுவர் உடனே இதைத்தான் நினைப்பார். அதற்கு விடை இருந்தால் நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள்: காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கு அதே காலத்தில் என்ன ஆயிற்று, முந்தைய ஆண்டுகளில் பழைய முறையில் உதவி பெற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பவற்றோடு ஒப்பிடலாம். ஒப்பிட எதுவும் இல்லையென்றால், அந்த முன்னேற்றம் உங்கள் பணியோடு தொடர்புடையது என்று நீங்கள் ஏன் நம்புகிறீர்கள் என்பதை இரண்டு வரிகளில் அடக்கத்துடன் எழுதுங்கள்.

எண்ணிக்கையைச் சொல்லும்போது முழுத்தொகையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'எண்பது விழுக்காட்டினர் வேலையில் சேர்ந்தனர்' என்று ஒருவர் எழுதினால், மொத்தம் ஐந்து பேரா ஐந்நூறு பேரா என்ற கேள்வி எழும். சிறிய எண்ணிக்கையாக இருந்தால் விழுக்காட்டை விட்டுவிட்டு ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நடுவில் விலகிப்போனவர்களையும் கணக்கில் காட்டுங்கள். விலகியவர்களை மறைத்துவிட்டு நிலைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றித் திட்டமாகத் தெரியும். மாறாக, யார் விலகினார்கள், ஏன் விலகினார்கள், அதிலிருந்து நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று ஒரு பத்தி எழுதினால், மற்ற எல்லாப் பத்திகளின் நம்பகத்தன்மையும் கூடும்.

குழந்தைகளின் குரல்

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தன் கருத்தைத் தெரிவிக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு உரிய மதிப்பு தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இதன் அடிப்படையில், இன்று பல விருதுப் படிவங்களில் 'இப்பணியின் திட்டமிடலில் குழந்தைகள் எவ்வாறு பங்கேற்றனர்' என்ற கேள்வி இடம்பெறுகிறது. இதற்குத்தான் மிகவும் பலவீனமான விடைகள் எழுதப்படுகின்றன. குழந்தைகள் விழாவில் வரவேற்பு நடனம் ஆடியதும், தலைவருக்குப் பூச்செண்டு கொடுத்ததும் பங்கேற்பாகக் காட்டப்பட்டுவிடுகின்றன.

குழந்தைகளின் பங்கேற்பை ஆய்ந்த அறிஞர் ராஜர் ஹார்ட் யுனிசெஃப்புக்காக 1992இல் எழுதிய கட்டுரையில் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அதன் கீழ் மூன்று படிகளான திரித்துப் பயன்படுத்துதல், அலங்காரமாக நிறுத்துதல், பெயருக்குச் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவை பங்கேற்பே அல்ல என்பது அவருடைய வாதம். பூச்செண்டு இரண்டாம் படியைத் தாண்டாது. பெல்ஃபாஸ்டில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா லண்டி 2007இல் முன்வைத்த மாதிரி படிவம் எழுதுபவருக்கு இன்னும் கைகொடுப்பது: குழந்தைகள் பேச இடம் இருந்ததா, பேச உதவி கிடைத்ததா, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் கேட்டாரா, கேட்டதன்பேரில் ஏதேனும் மாறியதா? நான்காவது கேள்விக்கு ஒரே ஒரு உண்மையான விடை இருந்தாலும் அதை முழுமையாக எழுதுங்கள். 'தொலைபேசி நேரம் மாலை ஆறு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் தங்கள் தாய்மார் வேலையில் இருப்பதாக இல்லத்துச் சிறுமியர் கூட்டத்தில் தெரிவித்தனர். நேரம் இரவு எட்டுக்கு மாற்றப்பட்டது' என்பது போன்ற மூன்று வரிகள், 'குழந்தைகளை மையமாகக் கொண்ட அணுகுமுறை' என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட அதிகம் பேசும். அவர்கள் கேட்டும் செய்ய முடியாமல் போன ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்கான காரணத்தை அவர்களிடம் எப்படி விளக்கினீர்கள் என்று எழுதினால் இன்னும் நல்லது.

அடையாளம் காக்கும் பொறுப்பு

விருதுப் படிவம் என்பது பொதுவெளிக்குச் செல்லும் ஆவணம் என்றே கருதி எழுத வேண்டும். நடுவர்கள், அமைப்பாளர்கள், விளம்பரதாரர்கள், விழா மலரை வடிவமைப்பவர் என்று எத்தனை கைகளுக்கு அது போகும் என்று நமக்குத் தெரியாது. உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கிறது. பல நாடுகளின் சட்டங்கள், பராமரிப்பிலோ நீதிமன்ற நடவடிக்கையிலோ உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்துள்ளன. குழந்தைகளைப் பற்றிச் செய்தி வெளியிடுவோருக்கான யுனிசெஃப் வழிகாட்டுதல், பாலியல் வன்முறைக்கு ஆளானவர், குற்றம் சாட்டப்பட்டவர், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் போன்ற குழந்தைகளின் பெயரை மாற்றுவதோடு முகத்தையும் மறைக்க வேண்டும் என்கிறது. செய்தியாளருக்குள்ள இந்தக் கடமை பராமரிப்பாளருக்குக் கூடுதலாகவே உண்டு.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. 'பதினான்கு வயது, இரட்டையரில் ஒருவர், மாவட்ட அளவில் நீச்சலில் பரிசு வென்றவர், தந்தை சிறையில்' என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் அடையாளம் புரிந்துவிடும். தனித்தனியே பார்த்தால் தீங்கற்ற விவரங்கள் ஒன்று சேர்ந்து ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். எனவே கதைக்குத் தேவையில்லாத விவரங்களை நீக்குங்கள். தேவையான விவரங்களைப் பொதுமைப்படுத்துங்கள். பிறகு, அந்தக் குழந்தையை அறிந்த, ஆனால் படிவத்தை எழுதாத ஒரு பணியாளரிடம் படிக்கக் கொடுத்து யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்துவிட்டால் இன்னும் வேலை இருக்கிறது. படங்களிலும் இதே கவனம் வேண்டும். முகத்தை மறைத்தாலும் சீருடையும் பெயர்ப்பலகையும் பின்னணியில் தெரியும் கட்டடமும் இடத்தைச் சொல்லிவிடும். கைப்பேசியில் எடுத்த படக்கோப்பிலேயே எடுத்த இடத்தின் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) பதிந்திருக்கக்கூடும் என்பதால் அனுப்பும் முன் அந்தத் தகவலை அழித்துவிட வேண்டும்.

ஒப்புதல் பெறும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தன் உணவுக்கும் உறைவிடத்துக்கும் யாரைச் சார்ந்திருக்கிறதோ அவரே வந்து 'உன் கதையை எழுதட்டுமா' என்று கேட்டால் எந்தக் குழந்தையும் மறுக்காது. ஆகவே அந்தக் குழந்தையின் அன்றாடப் பராமரிப்பில் தொடர்பில்லாத ஒருவர் கேட்பது நல்லது. எழுதிய பகுதியைக் குழந்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும். எங்கெல்லாம் அது போகக்கூடும் என்று சொல்ல வேண்டும். மறுத்தால் எந்தச் சலுகையும் குறையாது என்பதையும், பின்னால் மனம் மாறினால் எதுவரை திரும்பப் பெற முடியும் என்பதையும் தெளிவாக்க வேண்டும். அச்சிட்ட மலரைத் திரும்பப் பெற முடியாது என்ற உண்மையையும் மறைக்கக் கூடாது. பாதுகாவலரின் கையெழுத்து சட்டத்துக்குத் தேவை. ஆனால் அந்தக் கையெழுத்து குழந்தையின் விருப்பத்துக்கு ஈடாகாது.

எழுத்து

ஒரு கற்பனையான எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 18 வயது நிறைந்து இல்லத்தைவிட்டு வெளியேறும் இளைஞர்களுக்கான பின்பராமரிப்புத் திட்டம் ஒன்றின் படிவம் இப்படித் தொடங்குகிறது என்று கொள்வோம்:

'ஆதரவற்ற இளம் உள்ளங்களின் வாழ்வில் ஒளியேற்றும் உன்னதப் பணியில் அர்ப்பணிப்புடன் ஈடுபட்டுவரும் எமது நிறுவனம், இளைஞர்கள் தம் சொந்தக் காலில் நிற்பதற்குத் தேவையான அனைத்து வழிகாட்டுதல்களையும் சிறப்பான முறையில் வழங்கி வருகிறது.'

இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. செய்தியும் எதுவும் இல்லை. எந்த நாட்டின் எந்த நிறுவனமும் தன் பெயரை இதில் பொருத்திக்கொள்ளலாம். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'ஓராண்டில் இல்லத்தைவிட்டு வெளியேறிய 14 இளைஞர்களில் 9 பேர் முதல் ஆறு மாதங்களுக்குள் தங்குமிடத்தை இழந்திருந்தனர். அவர்களைத் தேடிச் சென்று பேசியபோது, வாடகை கொடுக்கப் பணம் இருந்தும், வாடகை ஒப்பந்தத்தில் பிணையாகக் கையெழுத்திட ஆள் இல்லாததே முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. ஆகவே சமையல் பயிற்சிக்கும் நேர்காணல் பயிற்சிக்கும் ஒதுக்கியிருந்த நிதியின் ஒரு பகுதியை மாற்றி, நிறுவனமே ஓராண்டுக்குப் பிணை நிற்கும் ஏற்பாட்டைச் செய்தோம். அடுத்த ஆண்டு வெளியேறிய 12 பேரில் 10 பேர் ஆறு மாதங்களுக்குப் பிறகும் அதே வீட்டில் இருந்தனர். மற்ற இருவரில் ஒருவர் வேலைக்காக வேறு ஊருக்குச் சென்றார்; இன்னொருவருடன் தொடர்பு விட்டுப்போயிற்று.'

இரண்டாவது பத்தியில் ஒரு அடைமொழிகூட இல்லை. சிக்கல், அதை அறிந்த விதம், எடுத்த முடிவு, அதற்காக விட்டுக்கொடுத்தது, விளைவு, விடுபட்டவர் என்று ஒவ்வொரு வரியும் ஒரு வேலையைச் செய்கிறது. கடைசி வரியைத்தான் மேலாளர் வெட்டச் சொல்வார். அதைத்தான் விடாமல் காக்க வேண்டும், ஏனெனில் அதைப் படித்த பிறகு நடுவர் 10 என்ற எண்ணைச் சந்தேகிக்க மாட்டார்.

குழந்தையை விவரிக்கும் சொற்களிலும் கவனம் தேவை. 'பரிதாபத்துக்குரிய', 'சீரழிந்த', 'திருத்தப்பட்ட' போன்ற சொற்கள் நிறுவனத்தை மீட்பராகவும் குழந்தையைச் சுமையாகவும் காட்டுகின்றன. குழந்தை என்ன செய்தது, எதைத் தேர்ந்தெடுத்தது, எதை எதிர்த்தது என்று எழுவாயில் குழந்தையை வைத்து எழுதினால் நடை தானாகவே சீராகும். அந்தக் குழந்தை வளர்ந்து ஒருநாள் இந்தப் படிவத்தைப் படிக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டு எழுதுவது நல்ல கட்டுப்பாடு.

சொல் வரம்பு கொடுத்திருந்தால் அதை மீறாதீர்கள். இணையப் படிவங்கள் பலவும் வரம்பைத் தாண்டியதை வெட்டிவிடும், வெட்டுப்பட்டது உங்கள் முக்கியமான முடிவாக இருக்கலாம். கேள்வியில் எந்தச் சொல் பயன்படுத்தப்பட்டிருக்கிறதோ அதற்கே விடை எழுதுங்கள். 'புதுமை' என்று கேட்டிருந்தால், உலகில் யாரும் செய்யாததைச் செய்தோம் என்று உரிமை கோர வேண்டியதில்லை. உங்கள் சூழலில் இது எவ்வாறு புதியது என்று சொன்னால் போதும். பிற இடத்தில் வெற்றி பெற்ற முறையைத் தழுவியிருந்தால் அதை வெளிப்படையாகக் கூறுங்கள்.

யார் பெயரில்

தனிநபர் விருதானால் இயக்குநரின் பெயர், குழு விருதானால் இயக்குநரும் அவருக்கு அடுத்தவர்களும் என்ற வழக்கம் பல இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. குழந்தையோடு அதிக நேரம் செலவிடுபவர்கள் சமையலறையிலும் வாயிற்காவலிலும் வாகன ஓட்டுநர் இருக்கையிலும் இருக்கிறார்கள் என்பது இந்தத் துறையில் இருப்பவர் எல்லாருக்கும் தெரியும். பணியில் பங்கேற்ற ஒவ்வொருவரின் பெயரையும் பணிப்பெயரையும் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, எல்லாரும் பார்க்குமாறு வைத்து, விடுபட்டவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்தோடு கூட்டாகச் செய்த பணியென்றால் அவர்களுடைய எழுத்துப்பூர்வ இசைவைப் பெறாமல் அனுப்ப வேண்டாம். தனிநபரைப் பரிந்துரைக்கும்போது அவரிடம் சொல்லாமல் வியப்பூட்ட நினைப்பதும் வேண்டாம். தன் பெயர் பொதுவில் வருவதை விரும்பாத காரணம் அவருக்கு இருக்கலாம், குறிப்பாகக் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளைக் கையாள்பவருக்கு.

இணைப்புகளைப் பொறுத்தவரை குறைவாக இருப்பதே நல்லது. கேட்டதை மட்டும் இணையுங்கள். பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் பதவியில் பெரியவரிடம் வாங்குவதைவிட, உங்கள் பணியை நேரில் கண்ட பள்ளி ஆசிரியரிடமோ சுகாதாரப் பணியாளரிடமோ வாங்குங்கள். பெரிய பதவியில் இருப்பவரின் கடிதத்தை அநேகமாக நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள் என்று நடுவர்களுக்குத் தெரியும்.

இறுதிச் சுற்றும் அதற்குப் பிறகும்

இறுதிச் சுற்றுக்கு வந்தால் நேர்காணலோ நேரடிப் பார்வையோ இருக்கலாம். நேரடிப் பார்வைக்காகக் குழந்தைகளுக்கு ஒத்திகை வைக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த விடையை அனுபவமுள்ள நடுவர் இரண்டாவது குழந்தையிடமே கண்டுகொள்வார். அதைவிட முக்கியமாக, பொய்யான காட்சிக்குத் துணைபோகும்படி குழந்தைகளைப் பழக்கிய குற்றம் நம்முடையதாகும். வருபவர்கள் யார், எதற்காக வருகிறார்கள் என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பேச விரும்பாதவர் விலகியிருக்க ஓர் அறையும் ஒரு பணியாளரும் இருக்கட்டும். நடுவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் குழந்தையைத் தனியே சந்திக்க அனுமதிக்க வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி அவருக்கும் பொருந்தும், அதைச் சொல்வதால் மதிப்பெண் குறையாது. நேர்காணலுக்கு மேலாளரோடு களப்பணியாளர் ஒருவரும் செல்லட்டும். 'ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் அங்கே என்ன நடக்கும்?' என்பது போன்ற கேள்விக்கு அவரால்தான் விடை சொல்ல முடியும்.

விழாவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வதா என்ற கேள்வி தவறாமல் எழும். மேடையில் புகைப்படம் எடுக்கப்படும், அது எங்கும் பரவும், 'இந்த இல்லத்துக் குழந்தை' என்ற அடையாளம் அவர்களோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான சூழல்களில் அழைத்துச் செல்லாமலிருப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. இளையோர் தாமே விரும்பி, அறிந்து, தாங்கள் உருவாக்கிய பணிக்காக மேடையேறுவது வேறு விஷயம்; அப்போது மேடையில் என்ன சொல்வது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

பரிசுத்தொகை இருந்தால் அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவு அறிவிக்கப்படும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் மனக்கசப்பு வரும். ஒரு பகுதியையாவது குழந்தைகளின் கூட்டத்தில் வைத்து அவர்கள் சொல்கிறபடி செலவிடலாம்.

கிடைக்காவிட்டால், நடுவர்களின் கருத்துரையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லா அமைப்பாளர்களும் தருவதில்லை, கேட்பவருக்குத் தருபவர்கள் உண்டு. திரட்டிய சான்றுகள் அடுத்த நிதி விண்ணப்பத்துக்கும் ஆண்டறிக்கைக்கும் பயன்படும் என்பதால் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஆனால் அதிலுள்ள குழந்தைகளின் கதைகளையும் படங்களையும் தனியே பிரித்தெடுங்கள். அவர்கள் ஒப்புதல் தந்தது அந்த ஒரு விருதுக்கு மட்டுமே. வேறு எதற்குப் பயன்படுத்துவதானாலும் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்; கேட்க முடியாத தொலைவுக்கு அவர்கள் போய்விட்டிருந்தால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, எண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.